மீன் அறியாமல் குளம் மாற்றுவது

2024 ஜனவரி 10 முதல் 14 வரை பினாங்கின் பல வட்டாரங்களில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பழைய பெரிய வால்வுகளை மாற்றும் வேலை. மாநிலத்துக் குடிநீரின் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றிலிருந்து அந்த நிலையத்தின் வழியாகத்தான் வருகிறது. நீர் நிறுவனம் முன்கூட்டியே அறிவித்துவிட்டதால், மக்கள் தோம்பிலும் வாளியிலும் பிடித்து வைத்துச் சமாளித்தார்கள். அந்த வாரம் பார்த்து ஒருவர் வீட்டு மீன் குளத்தை இறைத்துக் காலி செய்திருந்தால், நீர் கசியாமலிருக்க அடியில் போடும் புதிய லைனரை விரித்து முடித்தபின் அதில் ஊற்ற ஒரு வாளித் தண்ணீருக்கும் வழியிருந்திருக்காது. மீன்கள் தற்காலிகத் தொட்டியிலேயே நாலைந்து நாள் நெருக்கியடித்துக் கிடந்திருக்கும்.

குளத்து லைனரை மாற்ற நினைப்பவர் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்பே நீர் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். லைனரை விரிப்பது நான்கு பேர் கூடினால் அரை நாள் வேலை. மீனுக்குத் தண்ணீர் தடைபடாமல் பார்த்துக்கொள்வதற்கோ முந்தின வாரமே தொடங்கி, அடுத்த மாதம் வரை கவனம் வேண்டும். குளம் மாற்றும்போது சாகிற மீன்களைவிட, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று வீட்டுக்காரர் கை கழுவிய பிறகு சாகிற மீன்கள் அதிகம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். குளத்தில் நீர் குறைகிறது என்றாலே லைனர் கிழிந்துவிட்டது என்று பொருளில்லை. பினாங்கு வெயிலில் திறந்த குளம் ஒரு நாளைக்கு நாலைந்து மில்லிமீட்டர் ஆவியாவது இயல்பு. ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பிக் குளத்துக்குள்ளேயே ஒரு கல்லின்மேல் நிறுத்தி, வாளியிலும் குளத்திலும் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து வைக்கலாம். இரண்டு நாள் கழித்து இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது வெயிலின் வேலை. குளம் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு. அதிலும் பம்பை நிறுத்தி ஒரு நாள் பார்க்க வேண்டும். செயற்கை அருவி வைத்த குளங்களில், பாறை இடுக்கில் தெறித்து வழிகிற தண்ணீரை லைனர் ஓட்டை என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர். பம்ப் நின்ற பிறகும் நீர் இறங்கி ஒரு மட்டத்தில் வந்து நின்றுவிட்டால், அந்த மட்டத்தைச் சுற்றித்தான் ஓட்டை இருக்கிறது. ரப்பர் லைனரில் அது விரலளவு ஓட்டையாக இருந்தால், அதே ரப்பர்த் துண்டை ஒட்டிச் சரிசெய்யலாம். அதற்காகக் குளத்தையே பிரிக்க வேண்டாம். விளிம்பெல்லாம் விறைத்து, விரலால் மடக்கினால் வெடிக்கிற பிவிசி லைனருக்குத்தான் ஒட்டு பயன்படாது. இன்று ஒரு இடம் அடைத்தால் நாளை இன்னொரு இடம் திறக்கும்.

காலம் பார்ப்பதிலும் பினாங்குக்கென்று ஒரு கணக்கு உண்டு. கடையில் கிடைக்கும் வழிகாட்டி நூல்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிர்ந்து, மீன் சாப்பாட்டைக் குறைத்து, மந்தமாக அடியில் கிடக்கும்போது வேலையை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பினாங்குக் குளத்து நீர் ஆண்டு முழுவதும் 27 முதல் 30 டிகிரி. இங்கே மீன் எப்போதும் பசியோடு, எப்போதும் வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு இருக்கிறது. 10 டிகிரி நீரில் ஒரு லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். தேவை கூடுதல், இருப்புக் குறைவு. அந்த நூல்களில் மீனை மூன்று நாள் தொட்டியில் வைக்கலாம் என்று இருந்தால், இங்கே அதை ஒன்றரை நாளாக நினைத்துக்கொள்வது நல்லது.

செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களைத் தவிர்த்துவிட வேண்டும். தீவில் மழை கொட்டித் தீர்க்கும் மாதங்கள் அவை. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு தொடங்கிய மழையில் தீவும் பெருநிலமும் எப்படி மூழ்கின என்பது பினாங்குவாசிகளுக்கு மறக்காது. திறந்து கிடக்கிற குழிக்குள் மழை இறங்கினால் சரிவு சரியும், மணல் கரையும், வேலை ஒரு வாரம் பின்தள்ளும். தைப்பூசத்தை ஒட்டிய வறண்ட வாரங்கள்தான் இதற்கு ஏற்றவை. தண்ணீர்மலை சாலையில் தண்ணீர்ப் பந்தல்கள் எழும் அந்தக் காலத்து வெயிலில் ரப்பர் விரிப்பு சீக்கிரம் இளகும், மண்ணும் காய்ந்து கிடக்கும். ஆனால் அதே வெயில் தற்காலிகத் தொட்டியைக் கொதிக்க வைத்துவிடும் என்பதால், நிழல் இல்லாத இடத்தில் மீனை வைக்கவே கூடாது. தாமான் வீடுகளில் கூரை போட்ட கார் போர்ச்தான் தோதான இடம். இரண்டு நாளைக்குக் காரை வெளியே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது குளத்துப் பழைய நீர். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் 40 ஆண்டுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்தை இறைத்து, அடியில் துயிலும் அத்திவரதர் சிலையை வெளியே எடுப்பார்கள். 1979க்குப் பிறகு 2019இல் ஜூலை முதல் ஆகஸ்ட் 17 வரை அந்தத் தரிசனம் நடந்தது. அப்போது குளத்து நீரை வீணாக விட்டுவிடாமல் பக்கத்துப் பொற்றாமரைக் குளத்துக்கு இறைத்தார்கள். வீட்டுக் குளத்துக்கும் அதே முறைதான். பழைய தண்ணீர் அழுக்கு என்று லோங்காங்கில் திறந்துவிடுவது மீன் வளர்ப்பவர் செய்யக்கூடிய பெரிய தவறு. மீனின் உடம்பு அந்தத் தண்ணீரின் வெப்பத்துக்கும் உப்புக்கும் காரத்தன்மைக்கும் பழகிப்போயிருக்கிறது. வீடு மாறும்போது அந்தத் தண்ணீரும் அதோடு மாற வேண்டும்.

ஒரு குளத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தால் விளங்கும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம், 3,600 லிட்டர். அதில் ஒரு அடி நீளமுள்ள எட்டு கோய் மீன்கள். இவற்றுக்கு 1,000 லிட்டர் கொள்ளும் தொட்டி போதும், நன்றாகக் காற்று ஊதினால். கேன்வாஸில் செய்த மடக்குத் தொட்டிகள் அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும். ரசாயனம் இருந்த பழைய தோம்புகளை எத்தனை முறை கழுவியிருந்தாலும் நம்பக் கூடாது. குழந்தைகளின் காற்றடைத்த குளியல் தொட்டியும் சரிவராது. ஆழம் குறைவு, கோய் ஒரே தாவில் வெளியே விழும். எந்தத் தொட்டியானாலும் மேலே வலையைக் கட்டி, ஓரங்களைக் கயிற்றால் இறுக்க வேண்டும். புது இடத்தில் முதல் இரவு மீன் தாவாமல் இருக்காது.

மீனைப் பட்டினி போடுவது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் வேலைக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்திவிட வேண்டும். குடல் காலியாக இருக்கும் மீன் நெருக்கமான தொட்டியில் அதிகம் கழிவு விடாது. கழிவு குறைந்தால் அம்மோனியாவும் மெல்லத்தான் ஏறும். நலமாக உள்ள பெரிய கோய் ஒரு வாரம் தீனியின்றி இருந்தாலும் தாங்கும். அம்மோனியாவை அரை நாள் தாங்குவது கடினம்.

மாற்றும் நாளன்று காலை வெயில் ஏறுமுன் தொடங்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, பம்ப் வயரைப் பிளக்கிலிருந்து உருவிய பிறகுதான் யாரும் தண்ணீரில் கால் வைக்கலாம். குளத்தின் மேல்மட்டத் தெளிந்த நீரை முதலில் தொட்டிக்கு இறைக்க வேண்டும். அடிமட்டத்துக் கறுத்த சேறு கலங்கினால் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். அந்த வாயு மீனுக்கு நஞ்சு. அல்லி, தாமரைச் சட்டிகளை வெளியே எடுத்து ஈரச்சாக்கு போர்த்தி நிழலில் வைத்துவிடலாம். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கும்வரை மீனைத் துரத்தக் கூடாது. பிறகு அகலமான வலையால் மெல்ல ஒதுக்கி, ஒரு பிளாஸ்டிக் பேசினை நீருக்குள் அமிழ்த்தி, மீனை அதற்குள் நீந்தி வரச்செய்து, தண்ணீரோடு தூக்க வேண்டும். வலையில் தொங்கவிட்டுத் தூக்கினால் உடம்பின் மேல் இருக்கும் வழுவழுப்பான பூச்சு உரிந்துபோகும். மீனுக்கு நோயைத் தடுக்கும் முதல் கவசம் அந்தப் பூச்சு. காய்ந்த கையால் தொடுவதும் அப்படித்தான். ஒவ்வொரு மீனையும் எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். சேற்றில் ஒளிந்த ஒரு மீனை மறந்துவிட்டு லைனரைச் சுருட்டியவர்கள் உண்டு.

மீனுக்கு அடுத்தபடி உயிரோடு காப்பாற்ற வேண்டியது ஃபில்டருக்குள் இருப்பது. அங்கே இருக்கும் பஞ்சிலும் வளையங்களிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனைக் கொல்லும். நைட்ரேட் அவ்வளவாகத் தீங்கு செய்யாது. அந்த பாக்டீரியாக்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. புதிதாகத் தொடங்கும் குளத்தில் அவை போதுமான அளவுக்கு வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஃபில்டர் நின்று, உள்ளே நீர் அசையாமல் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் சில மணி நேரத்திலேயே அவை மடியத் தொடங்கும். பளிச்சென்று இருக்கட்டும் என்று குழாய்த் தண்ணீரில் பஞ்சைக் கழுவினால், அதிலுள்ள குளோரின் அவற்றை அங்கேயே அழித்துவிடும். புது லைனர், புதுத் தண்ணீர், கழுவிய ஃபில்டர் மூன்றும் ஒன்றுசேரும் குளத்தில்தான் இரண்டாவது வாரம் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கின்றன.

இதற்குத் தீர்வு எளிது. மீன் போகிற தொட்டிக்கே ஃபில்டரையும் கொண்டுபோய் அன்றே ஓட விட வேண்டும். அது முடியாவிட்டால், பஞ்சையும் வளையங்களையும் குளத்து நீர் நிரம்பிய வாளியில் போட்டு, காற்றுக் கல் வைத்து ஊதிக்கொண்டே இருக்கலாம். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் முன்பே யோசித்துவிட வேண்டும். மாலையில் இடி இடித்தால் டிரிப் ஆகும் வீடுகள் நிறைய. பாட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்று கையில் இருந்தால் அன்றைய இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

இனி குழி. பழைய லைனரை முழுதாக இழுக்கப் பார்க்காமல், கீற்றுக் கீற்றாக அறுத்து எடுப்பது சுலபம். எடுத்தபின் ஓட்டை விழுந்த இடத்தையும், அதற்கு நேர்க்கீழே மண்ணில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கூர்க்கல்லாக இருக்கலாம், மூங்கில் குருத்தாக இருக்கலாம். பெருச்சாளி வளையாகவும் இருக்கலாம். காரணத்தை விட்டுவைத்துப் புதியதை விரித்தால் அடுத்த ஆண்டும் இதே அத்தியாயத்தைத் திருப்பிப் படிக்க வேண்டியதுதான். வேர்களை நன்றாக உள்ளே வெட்டி, கற்களைப் பொறுக்கி, மூன்று நான்கு சென்டிமீட்டர் மணல் பரப்பி, அதன்மேல் தடித்த ஜியோடெக்ஸ்டைல் துணியை விரிக்க வேண்டும். ஜார்ஜ் டவுனின் தாழ்வான, கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் அதிகம் ஆழத்தில் இல்லை. ஆயர் ஈத்தாம் பக்கத்துச் சரிவு நிலங்களிலோ பெருமழைக்குப் பின் மலைநீர் மண்ணுக்குள் ஊறி வரும். இரண்டிடத்திலும் லைனருக்கு அடியில் நீர் புகுந்து, அதை நடுக்குளத்தில் தொந்திபோலத் தூக்கிவிடும். ஓட்டையிட்ட பிவிசி குழாய் ஒன்றைத் துணிக்கு அடியில் புதைத்து, தாழ்ந்த பக்கமாக நீர் வடிய வழி செய்துவிட்டால் இந்தத் தொல்லை இராது.

எந்த லைனர் வாங்குவது? பிவிசி மலிவு. ஆனால் நீர்மட்டத்துக்கு மேலே வெயில் படும் விளிம்பு முதலில் விறைக்கும். இறால் பண்ணைகளில் போடுகிற எச்டிபிஇ உறுதியானது, எளிதில் கிழியாது, ஆனால் விறைப்பானது. பெரிய, நேர்ச்சரிவான குளத்துக்கு அது சரி. வளைவும் மூலையும் உள்ள வீட்டுக் குளத்தில் மடிந்து கொடுக்காது. ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர், 1 மில்லிமீட்டர் தடிமனில், வீட்டுக் குளத்துக்கு எல்லாவற்றையும்விட ஏற்றது. வெயிலைத் தாங்கும், நீளும், மூலைக்கு ஏற்ப மடியும். வாங்கும்போது மீன் குளத்துக்கானதுதானா என்று கேட்டுவிட வேண்டும். கூரை வேய்வதற்கென்று தயாராகும் ஈபிடிஎம்மில் மீனுக்கு ஆகாத பொருள்கள் சேர்ந்திருக்கக்கூடும்.

அளவுக்கு நீளத்தோடு இரண்டு மடங்கு ஆழத்தைக் கூட்டி, இரு பக்கமும் கரைமேல் கிடக்க முப்பது முப்பது சென்டிமீட்டர் சேர்க்க வேண்டும். அகலத்துக்கும் அப்படியே. மேலே சொன்ன குளத்துக்கு 4.8 மீட்டர் நீளம், 3.8 மீட்டர் அகலம். ஈபிடிஎம்மில் அந்த விரிப்பு இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். ஆகவே ஒருவர் தரையில் இழுத்து வரக் கூடாது. மடித்தபடி தூக்கி வந்து, நான்கு மூலையிலும் ஆள் நின்று விரிக்க வேண்டும். வெயிலில் அரை மணி நேரம் கிடந்தால் இளகிவிடும். தண்ணீரை ஒரு சாண் ஒரு சாணாக ஏற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் மடிப்புகளை இழுத்துச் சீராக்க வேண்டும். கரைக்கு வெளியே மிஞ்சும் பகுதியை அன்றே கத்தரிக்கக் கூடாது. குளம் நிரம்பி, ஒரு நாள் கழிந்து, லைனர் அமர்ந்தபின் வெட்டினால் போதும்.

பினாங்குக் குழாய் நீரில் குளோரின் இருக்கிறது. மனிதரைக் கிருமியிலிருந்து காக்கும் அந்த அளவே மீனின் செவுளை எரித்துவிடும். பெரிய தொட்டியில் பிடித்து வைத்து, வெயிலில் காற்று ஊதவிட்டால் ஓரிரு நாளில் வெளியேறும். அவசரமென்றால் மீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்ற பெயரில் விற்கும் வெள்ளைப் படிகங்கள் உதவும். அது சோடியம் தயோசல்பேட். 1 கிராம் குளோரினுக்கு ஏறக்குறைய 7 கிராம் என்பது பாதுகாப்பான கணக்கு. தொட்டியில் கொள்ளாத பழைய நீரைச் சுத்தமான தோம்புகளிலும் பிடித்து வைத்து, நம் குளத்தில் பாதி பழைய நீர், பாதி குழாய் நீர் என்று வைத்தால், புதிதாக வரும் 1,800 லிட்டரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் இருந்தாலும் 25 கிராம் படிகம் போதும். அதை மீன் இறங்குவதற்கு முன்பே கரைத்துவிட வேண்டும்.

மீனைத் திருப்பிவிடும்போது இரண்டு நீரின் வெப்பத்தையும் வெப்பமானியால் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் காத்திருப்பதே மேல். மீன் இருக்கும் பேசினில் புதுக் குளத்து நீரைக் குவளை குவளையாக, அரை மணி நேரம் சேர்த்தபின், பேசினைச் சாய்த்து மீனைத் தானாக நீந்திப் போகவிட வேண்டும். வந்த கணக்கும் போன கணக்கும் ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகுதான் பொறுமை. முதல் நாள் தீனி கிடையாது. முதல் வாரம் வழக்கத்தில் கால்பங்கு. அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் இரண்டு வாரம் தினமும் சோதிக்க வேண்டும். சோதனைப் பெட்டி விலை ஒரு நல்ல கோய் விலையில் சிறு பங்குதான். காரத்தன்மையையும் கூடவே பார்க்க வேண்டும். ஏனெனில் 28 டிகிரி நீரில் பிஎச் 7ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் அது ஆறு பங்கைத் தாண்டும். அளவு ஏறினால் தீனியை நிறுத்தி, குளோரின் நீக்கிய நீரால் ஐந்தில் ஒரு பங்கை மாற்ற வேண்டும். நைட்ரைட் ஏறினால் லிட்டருக்கு 1 கிராம் உப்பு சேர்ப்பது மீனுக்குக் காப்பு. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே நுழைவதைத் தடுக்கிறது. அல்லிச் செடிகளுக்கு அதிக உப்பு ஆகாது என்பதால் சட்டிகளை இன்னும் சில நாள் வெளியே வைத்திருக்கலாம். மீன் மேலே வந்து வாய் பிளந்து காற்றுக்குத் தவித்தாலோ, செதிலைச் சுவரில் உரசினாலோ சோதனை முடிவுக்குக் காத்திராமல் முதலில் காற்றைக் கூட்ட வேண்டும்.

தற்காலிகத் தொட்டியையும் கழற்றிய லைனரையும் மீனைத் திருப்பிவிட்ட அன்றைக்கே ஒழுங்குசெய்துவிட வேண்டும். கொல்லையில் சுருட்டிப் போட்ட லைனரின் மடிப்பில் ஒரு மழையின் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன் வளாகத்தில் கொசுப்புழு வளரவிட்ட வீட்டுக்காரர் அபராதம் கட்ட வேண்டும். குளத்தில் இடம் போதாமல் மிஞ்சும் மீன்களுக்கும் ஒரு வழி தேட வேண்டும். பண்டாராயா மீன் என்று சொல்லும் உறிஞ்சு வாய் மீனைத் தாவரவியல் பூங்கா ஓடையிலோ ஆற்றிலோ விடுவதைப் புண்ணியம் என்று யாரும் நினைக்கக் கூடாது. அது பெருகி உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடையில் திருப்பிக் கொடுக்கலாம், இடமுள்ள நண்பருக்குக் கொடுக்கலாம்.

புதுக் குளத்தின் அழகு பார்த்து அந்த வாரமே இன்னும் இரண்டு கோய் வாங்கத் தோன்றும். இட மாற்றத்தால் களைத்த மீன்களுக்கு நடுவே எங்கிருந்தோ வந்த புது மீனை விடுவது ஆபத்து. 1998இல் கண்டறியப்பட்ட கோய் ஹெர்ப்பிஸ் வைரஸ், வெளியே நலமாகத் தெரியும் மீனோடும் வரும். வந்தால் குளத்தில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும், மருந்தும் இல்லை. மீன்கள் காரணம் தெரியாமல் அடுத்தடுத்து சாகத் தொடங்கினால், பத்து மாவுங்கிலுள்ள மீன்வளத் துறை ஆராய்ச்சிக் கழகத்தில் மீன் நோய்களுக்கென்றே ஒரு மையம் இருப்பதை நினைவில் வைக்கலாம். புது மீனுக்கு ஆசைப்படுகிறவர்கள், சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டும்வரை தயவுசெய்து பொறுத்திருங்கள். வாங்கிய பிறகும் அதைத் தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்துப் பார்த்தே குளத்தில் விடுங்கள்.